துடக்குக் கழிந்த பிறகும் கழுவுகிறேன்: ஓ.சி.டி.க்கு ஒன்லைனில் சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

கொக்குவில் தம்பி

வணக்கம் அண்ணாமார், அக்காமார். எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு 29 வயது. திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் ஆவணியில் அப்பா தவறிவிட்டார். மூத்த மகன் நான்தான், கொள்ளி வைத்ததும் நான்தான். எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முறைப்படி செய்து, கீரிமலையில் முழுகி, சாவுத் தீட்டான துடக்கைக் கழித்து வீட்டுக்கு வந்தோம். மற்றவர்களுக்கு அன்றோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

முதலில், செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கடைக்கு வந்தால் மட்டும் கை கழுவினேன். பிறகு அவர்கள் தந்த காசைத் தொட்டாலும் கழுவினேன். இப்போது மதிலில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்குப் பக்கத்தால் சைக்கிளில் போனாலே உடம்பெல்லாம் ஒட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நோட்டீஸ் இல்லாத மதில் எங்கே இருக்கிறது? கடைக்கு நேரே போனால் பத்து நிமிடம். நான் ஒழுங்கைகளுக்குள்ளால் சுற்றி முப்பத்தைந்து நிமிடம் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உடுப்போடு கிணற்றடி. ஒரு நாளைக்கு நாலு தரம் முழுக்கு. தாங்கித் தண்ணீர் காலை பத்து மணிக்கே முடிந்துவிடும், அம்மா திரும்ப மோட்டர் போடுவார். ஒரு சன்லைட் கட்டி இரண்டு நாளைக்குக் காணாது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது உறைப்புப் பட்டு எரிகிறது.

கழுவுவதைவிட மோசமானது கேட்பது. "அம்மா, ஒண்டுமில்லைத்தானே? சாமி அறைக்குள்ளை போகலாம்தானே?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. "ஒண்டுமில்லையடா, போ" என்று அவர் சொன்னால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு, அம்மா சரியாகக் கேட்டுத்தான் பதில் சொன்னாரா என்று அடுத்த சந்தேகம்.

வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற இந்த நோய்க்கு ஓ.சி.டி. என்று பெயர் இருப்பதை வாசித்து அறிந்தேன். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக் வாங்கிலில் என்னை யாராவது கண்டால் கதை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் ஒன்லைன் என்று யோசிக்கிறேன். போனில் பார்த்து இதை மாற்ற முடியுமா? தமிழில் செய்கிறார்களா? எவ்வளவு முடியும்? கடைசியாக ஒன்று: துடக்குப் பார்ப்பது எங்கள் வீட்டு ஆசாரம். அதையே விடு என்று சொல்லிவிடுவார்களா?

---

நல்லூரடி ஐயா

தம்பி, என் அக்காவின் மகனுக்கும் இதே கழுவல் இருந்தது. நாங்கள் கோயில் கோயிலாகக் கொண்டு போனோம், நூல் கட்டினோம், ஒருவர் சொன்னார் என்று வீட்டு வாசலைக்கூட மாற்றி வைத்தோம். ஒன்றரை வருடம் போனது, அவன் படிப்பும் போனது. டொக்டரிடம் முதலே கொண்டு போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனம் குத்துகிறது. கோயிலுக்குப் போங்கள், அது வேறு. மருந்தைப் பிந்த விடாதீர்கள். ஒன்லைன் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

உரும்பிராய் ரீச்சர்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எனக்கும் அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

எங்கள் ஆட்களின் துடக்குக்குக் கணக்கு உண்டு. 31 நாள் என்றால் 31 நாள். கிரியை செய்து முழுகினால் முடிந்தது, முடிந்ததை ஊரே ஒத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பதற்குக் கணக்கே இல்லை. நாலு முழுக்குக் கொடுத்தால் ஐந்தாவது கேட்கும். உங்கள் அம்மா அதே வீட்டில், அதே ஆசாரத்தோடுதான் இருக்கிறார். அவரிடம் கேட்காததை உங்களிடம் மட்டும் கேட்கிறது. நல்ல சிகிச்சையாளர் ஆசாரத்தில் கை வைக்க மாட்டார். உங்கள் வீட்டில் மற்றவர்கள் எந்த அளவுக்குப் பார்க்கிறார்களோ அந்த அளவில் உங்களைக் கொண்டுவந்து விடுவதுதான் அவர் வேலை.

எனக்கு வந்தது கழுவல் இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலம், 25 நாளும் விரதம். ஒரு நாள் சாமி வெளியில் வரும்போது, கும்பிட்ட கையோடு நிற்கிறேன், மனத்துக்குள் ஒரு தூசணம் வந்தது. முருகனைப் பற்றி. நான் வாயால் ஒருநாளும் சொல்லாத சொல். அடுத்த நாளும் வந்தது. அதை அழிக்க ஒரு தேவாரத்தை முதலிலிருந்து பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று ஆனது. நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்ப முதலடி. சாமி அறையில் இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் "ரீச்சருக்குப் பக்தி கூடிவிட்டது" என்றார்கள். பிறகு காஸ் சிலிண்டரும் சேர்ந்துகொண்டது: பூட்டினேனா, பூட்டினேனா என்று பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பி வருவேன். கோயில் ஐயரிடம் அழுதுகொண்டு பரிகாரம் கேட்டேன். அவர் பாவம், "பிள்ளை, வாற நினைப்புக்கெல்லாம் பரிகாரம் எண்டால் ஆருமே கோயிலுக்கு வரேலாது" என்றார். அந்த மனிதர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் விளங்கியது.

இனி ஒன்லைன். நான் இரண்டு பேரிடம் பார்த்தேன், இரண்டும் போனில்தான். முதலாமவரிடம் ஆறு மாதம் வீணாகப் போனது. மிக அன்பானவர். மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார், "கெட்ட நினைப்பு வந்தால் நல்லதை நினையுங்கோ" என்றார், ஒவ்வொரு கிழமையும் "நீங்கள் நல்லவர், ஒன்றும் நடக்காது" என்று ஆறுதல் சொன்னார். நான் போனை வைத்த அரை மணித்தியாலம் நன்றாக இருப்பேன். உங்கள் அம்மா தரும் ஐந்து நிமிட நிம்மதி மாதிரித்தான் தம்பி, அவர் அரை மணித்தியாலம் தந்தார், காசும் வாங்கினார். மூச்சுப் பயிற்சியும் எனக்கு இன்னொரு தேவாரமாகி, எண்ணி எண்ணிச் செய்யத் தொடங்கினேன்.

இரண்டாமவர் சென்னையில் இருக்கிறார். முதல் நாளே, ஓ.சி.டி. எவ்வளவு கடுமை என்று அளக்கிற யேல்-பிரவுண் அளவுகோலில் உள்ள பத்துக் கேள்வியையும் கேட்டு, 40க்கு 27 என்றார். 24க்கு மேலே போனால் கடுமையான பக்கம். பிறகு சொன்னார்: "நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். அது உங்க நோய்க்கு நான் போடுற சாப்பாடு." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் சிகிச்சை தொடங்கியது.

அவர் செய்ததற்குப் பெயர் ஈ.ஆர்.பி. பயப்படுவதற்கு முன்னால் வேண்டுமென்றே போய் நிற்பது, நின்ற பிறகு கழுவாமல், சரிபார்க்காமல், கேட்காமல் இருப்பது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர்தான் இதை முதலில் எழுதினார். அவரிடம் இருந்த கழுவல் நோயாளியின் அறையில் தண்ணீர்க் குழாயையே அடைத்துவிட்டு, தாதிமார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். இப்போது யாரும் அப்படி அடைப்பதில்லை. எந்தப் படியில் ஏறுவது என்று நாங்களே அவரோடு சேர்ந்து தீர்மானிக்கிறோம்.

ஒரு நாளைச் சொல்கிறேன். போனை அரிசிப் பானையில் சாய்த்து வைத்துவிட்டுக் குசினியில் நிற்கிறேன். "ரெகுலேட்டரை ஒரே ஒரு தடவை மூடுங்க. மூடினதும் பார்க்காம போனை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க" என்றார். மூடினேன். திரும்பிப் பார்க்கக் கழுத்து தானாகத் திரும்புகிறது. கிணற்றடிக்கு வந்துவிட்டேன். "பதட்டம் நூற்றுக்கு எவ்வளவு?" 85 என்றேன். "வெடிக்காதுதானே?" என்று கேட்டேன். "வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். உறுதியா நான் சொல்ல மாட்டேன்" என்றார். கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு செம்பருத்தியைப் பார்த்தபடி நின்றேன். குழாய் வாயில் ஒரு துளி ஊறி, தொங்கி, விழும். அடுத்தது ஊறும். அவரும் ஒன்றும் பேசவில்லை. 80. நெடுநேரம் 80. பிறகு 65. முப்பத்தைந்தாவது நிமிடம் 40. அன்றைக்கு நான் குசினிக்குப் போனது இரவுச் சமையலுக்குத்தான். எண் இறங்காமலே முடிந்த நாட்களும் உண்டு தம்பி. திரும்பிப் பார்க்காமல் இருந்ததுதான் அன்றைய வேலை, எண் பிறகு வரும்.

போனில் மாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். கிளினிக் அறையில் என் காஸ் சிலிண்டர் இல்லையே! என் சாமி அறையும் இல்லை. நோய் குடியிருக்கிற இடத்துக்கே அவரைப் போனில் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்கும் அப்படித்தான்: உங்கள் நோய் கிணற்றடியிலும் மதிலிலும் இருக்கிறது.

ஒன்லைன் என்பதால் குறைவு இல்லை, உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு. சுவீடனில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 101 பேருக்கு 10 கிழமை இணையம் வழியாகவே சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த முறை, மற்றவர்களுக்கு ஆதரவாகக் கதைப்பது மட்டும். முதல் பகுதியில் நூற்றுக்கு 60 பேருக்கு நல்ல முன்னேற்றம். ஆதரவாகக் கதைத்த பகுதியில் நூற்றுக்கு 6 பேருக்கு. நான் ஆறு மாதம் இருந்தது அந்த ஆறின் பக்கம்.

அதனால் ஆளைத் தேடும்போது நேரடியாகக் கேளுங்கள்: ஈ.ஆர்.பி. செய்வீர்களா? நாங்கள் கதைக்கிற நேரத்துக்குள்ளேயே செய்து பார்ப்போமா, வீட்டு வேலையாக மட்டும் தருவீர்களா? ஓ.சி.டி. உள்ளவர்களைத் தொடர்ந்து பார்க்கிறீர்களா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். இந்தியாவில் உள்ள மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் கேட்கலாம், கேட்டதற்கு நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம், அது பெரிய வசதி. தமிழில்தான் கொஞ்சம் இடிக்கும். "துடக்கு" என்றால் அவருக்கு விளங்காது, "தீட்டு" என்று சொல்ல வேண்டும். "முழுகினேன்" என்றால் எதற்குள் முழுகினீர்கள் என்று கேட்பார். இரண்டு கிழமையில் சரியாகிவிடும்.

எனக்கு ஒரு தடவைக்கு 50 நிமிடம், இந்திய ரூபாய் 1,500. எங்கள் காசில் ஐயாயிரத்துக்கு மேலே வரும், சின்னக் காசு இல்லை. 18 தடவை. முதல் எட்டும் கிழமைக்கு ஒன்று, பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்று. வங்கிக்குப் போய் அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்து தரச் சொல்ல வேண்டியிருந்தது. இடம்தான் கஷ்டம். எங்கள் வீட்டுச் சுவர்கள் முகடு வரை போவதில்லை, ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். நான் பின் வளவில் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கதைத்தேன். அந்தத் தூசணத்தை என் குரலிலேயே பதிந்து தினமும் 20 நிமிடம் கேட்க வேண்டும் என்பதும் ஒரு பயிற்சி. இயர்போன் போட்டுக்கொண்டு அங்கே இருந்துதான் கேட்டேன். முதல் நாள் அழுதேன். மூன்றாம் கிழமை கொட்டாவி வந்தது.

அந்த அளவுகோலில் 12ஆம் தடவையில் 14. இப்போது 9. போன வருடம் தேருக்குப் போனேன், சொல் வந்தது, வந்ததோடு நின்று கும்பிட்டேன்.

---

வாட்டு மிஸி

ரீச்சர் விரிவாக எழுதிவிட்டார். நான் ஆஸ்பத்திரிப் பக்கத்தைச் சொல்கிறேன், மனநலப் பிரிவில் வேலை செய்திருக்கிறேன்.

தம்பி, ஒன்லைனுக்கு முதல் ஒரு தரமாவது டொக்டரை நேரில் பாருங்கள். இது ஓ.சி.டி.தானா, அப்பாவின் இழப்போடு சேர்ந்த மனச்சோர்வும் இருக்கிறதா என்று யாராவது இருந்து கேட்டு முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கைக்கும் மருந்து வேண்டும். பெரியாஸ்பத்திரியில் பார்க்கப் பயமாக இருந்தால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கொக்குவில் ஆட்கள் அந்தப் பக்கம் குறைவு. இரண்டிலும் பணம் இல்லை. உங்கள் விஷயத்தை வெளியில் கதைக்க எங்களுக்கு உரிமை இல்லை. வாங்கிலில் பக்கத்தில் இருப்பவரும் தன்னை யாரும் காணக் கூடாது என்றுதான் குனிந்துகொண்டு இருப்பார்.

மருந்து கொடுத்தால் பயப்பட வேண்டாம். புளுஒக்சற்றின், சேர்ட்ரலீன் மாதிரியானவை. போதைக்குப் பழக்குகிற மருந்து இல்லை. ஓ.சி.டி.க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடின அளவு தேவைப்படலாம், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 கிழமை எடுக்கும். மூன்றாம் கிழமையில் "ஒன்றும் செய்யவில்லை" என்று விட்டுவிட்டு வருகிறவர்கள் கனபேர். முதல் கிழமைகளில் வயிற்றைப் பிரட்டும், நித்திரை குழம்பும். திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒன்லைன் ஆளுக்கும் இந்த மருந்தைச் சொல்லுங்கள், டொக்டருக்கும் ஒன்லைனைச் சொல்லுங்கள்.

வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

---

ஸ்காபரோ அப்பா

என் மகனுக்கு 19 வயது, கதவுப் பிடியைத் தொட மாட்டான். இங்கே கனடாவில் ஒன்லைனில்தான் சிகிச்சை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மருமகனுக்கும் அதே ஆளை ஒழுங்கு செய்யக் கேட்டேன், ஏலாது என்றுவிட்டார். இங்குள்ளவர்களுக்குத் தங்கள் மாகாணப் பதிவுக்கு வெளியே பார்க்கப் பல தடைகள் உண்டு. அமெரிக்காவின் நோசிடி போன்ற ஓ.சி.டி. ஒன்லைன் சேவைகளிலும் சிகிச்சையாளருக்கு அங்கங்கே உரிமம் இருக்க வேண்டும். அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்பதரை, பத்தரை மணித்தியால வித்தியாசத்தில் நடுச்சாமத்தில் முழித்திருக்கவும் வேண்டும். சென்னைப் பக்கம் பார்ப்பதுதான் சரி.

நான் எழுத வந்தது உங்கள் அம்மாவுக்காக. மூன்று வருடம் நான்தான் என் மகனுக்குக் கதவு திறந்துவிட்டேன். வேலைக்குப் பிந்தினாலும் திறந்துவிட்டுத்தான் போவேன். பாசம் என்று நினைத்தேன். ஒவ்வொரு தரமும் "இந்தக் கதவு உண்மையிலேயே ஆபத்தானது" என்று அவனுக்கு நான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். சிகிச்சையாளர் என்னையும் மனைவியையும் இரண்டு தடவை இருத்திக் கதைத்தார், மெதுமெதுவாக விடச் சொன்னார். அன்றே ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அது சண்டையில் முடியும். அம்மாவையும் ஒரு நாள் போனுக்கு முன்னால் இருத்துங்கள்.

---

கொக்குவில் தம்பி

எல்லோருக்கும் நன்றி. எழுதி ஏழு கிழமை ஆகிறது.

தெல்லிப்பழைக்குப் போனேன். பஸ்ஸில் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். டொக்டர் புளுஒக்சற்றின் தொடக்கியிருக்கிறார், ஆறாம் கிழமை. ரீச்சர் சொன்ன கேள்விகளை நாலு பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் "முதலில் மனசை ரிலாக்ஸ் பண்ணுவோம்" என்றார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. நாலாமவர் "முதல் நாளே கிணற்றடியைக் காட்டுங்க" என்றார். அவரோடுதான் செய்கிறேன். அந்த அளவுகோலில் என் எண் 29.

படிகளை எழுதினோம். முதல் படி, பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்து மடியில் வைத்திருப்பது. இரண்டாவது, செத்த வீட்டுக்குக் கொடுத்துத் திரும்பி வந்த பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பது. அது அப்பாவின் செத்த வீட்டுக் கதிரை. பத்து மாதமாக யாரும் இருக்காமல் விறாந்தை மூலையில் கிடந்தது. முதல் நாள் இருந்தபோது, பயத்துக்கு நடுவில் அப்பாவின் நினைவு வந்து அழுதுவிட்டேன். அவர் இறந்து இவ்வளவு நாளில் அவருக்காக நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கழுவிக்கொண்டே இருந்துவிட்டேன்.

அம்மாவையும் இருத்தினோம். இப்போது நான் "ஒண்டுமில்லைத்தானே?" என்று கேட்டால், அகப்பையைக் கையில் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதாம் தம்பி. வா, சாப்பிடு" என்கிறார். சொல்லும்போது அவர் குரல் நடுங்குகிறது. முழுக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது.

இன்றைக்கு ஐந்தாவது படி. கொக்குவில் சந்திக்குப் போகும் வழியில் ஒரு மதில், புது நோட்டீஸ், பசை இன்னும் காயவில்லை. போனைச் சைக்கிள் கூடையில் வைத்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையை முழுதாக வைத்தேன், வலது கை. பதட்டம் 90. பிறகு நேர் ரோட்டால் வீட்டுக்கு வந்தேன். பத்து நிமிடம்.

வந்து ஒரு மணித்தியாலம் ஆகிறது. இதை அதே கையால்தான் எழுதுகிறேன். பசை விரலில் காய்ந்து உரிகிறது. இப்போது 55.